எங்க மோட்டாருக்கு வந்த போன்

போன சனிக்கிழம எனக்கு இருந்தது ஒரே வேலை. தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சணும்.

தோட்டம்னா வீட்டு வாசல்ல நாலு ரோஜாச் செடி இல்ல. அச்சன்புதூர் பக்கத்துல ஏழு ஏக்கர். தென்னை, மா, எலுமிச்சை. நடுவுல எங்க வீட்டுக்காரரு ஆசப்பட்டு வச்ச பப்பாளி. மாமனார் இருந்த வரைக்கும் அவரு பாத்தாரு. அவருக்குப் பெறவு அது என் தலையில வந்து விழுந்துச்சி.

நான் தென்காசியில பிளவுஸ் தைக்கிற கடை வச்சிருக்கேன். முதுகுல எம்புட்டு எறக்கம் வைக்கணும்னு கேளுங்க, கண்ண மூடிட்டு சொல்லுவேன். பப்பாளிக்கு எத்தன தண்ணி வைக்கணும்னு கேட்டா முழிப்பேன்.

எங்க வீட்டுக்காரரு கணேசன் ஷார்ஜாவுல இருக்காரு. அங்கன இருந்துக்கிட்டே தோட்டத்தப் பாத்துக்கிடுதாரு. எப்படின்னா, போன்ல.

"ஏட்டி, மேக்கு ஓரத்து எலுமிச்சையில எல மஞ்சளா இருக்கே, என்னன்னு பாரு"ம்பாரு. நான் அனுப்புன போட்டோவப் பெருசு பண்ணிப் பாத்திருப்பாரு. என் மொகமும் அதே போட்டோவுல தான் இருக்கும். அதப் பத்தி ஒரு வார்த்த வராது.

தோட்டத்துல வேலைக்கு இசக்கி அண்ணாச்சி இருக்காரு. தங்கமான மனுசன். ஒரே ஒரு கொணம், கேட்ட கேள்விக்கு மட்டும் தான் பதில் சொல்லுவாரு. கேக்காத விசயம் அவரு வாயில இருந்து வரவே வராது.

அன்னைக்கு அண்ணாச்சி ராயகிரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டாரு. மத்தியானம் தான் வருவேன்னுட்டாரு. எனக்குக் கடையில முகூர்த்தத் துணி குமிஞ்சி கெடக்கு. ஆனாலும் நான் கவலப்படல. ஏன்னா, எங்க மோட்டாருக்கு அந்த வாரம் தான் போன் வாங்கிக் குடுத்திருந்தோம்.

அது ஒரு பெட்டி. மோட்டார் ரூம் செவத்துல மாட்டி, உள்ள ஒரு சிம்மு போட்டுருவாங்க. எங்கன இருந்தும் அந்த நம்பருக்குப் போன் அடிச்சா மோட்டார் ஓடும். திருப்பி அடிச்சா நிக்கும். ஒரு பொம்பளக் குரல் வந்து "மோட்டார் இயக்கப்பட்டது, நன்றி"ன்னு சொல்லும். எங்க வீட்டுக்காரரு யூடியூப்ல பாத்துட்டு, இது இல்லாட்டி விவசாயமே இல்லன்னு ஒத்தக் கால்ல நின்னு வாங்க வச்சாரு.

மாட்ட வந்த எலக்ட்ரீசியன் குமாரு என்கிட்ட ஒரு கேள்வி கேட்டான்.

"அக்கா, உங்க நம்பருக்கு மட்டும் வேல செய்யற மாதிரி போட்டுருவா? இல்ல, எந்த நம்பர்ல இருந்து அடிச்சாலும் ஓடற மாதிரி ஓப்பனா விட்டுருவா?"

நான் யோசிச்சேன். என் நம்பரு, அவரு ஷார்ஜா நம்பரு, அண்ணாச்சி நம்பரு. அவரு வேற அங்கன அடிக்கடி நம்பர மாத்துவாரு. ஒவ்வொண்ணுக்கும் குமாரத் தேடிட்டு அலைய முடியுமா?

"ஓப்பனாவே விட்டுருல. நம்ம மோட்டாருக்கு வேற யாரு போன் அடிக்கப் போறா?"ன்னேன்.

குமாரு விட்டுட்டான். மறுநாள் வெள்ளிக்கிழம. பெட்டி சொன்னபடி கேட்டுச்சி. பிளவுஸ் தைக்க வந்த பொம்பளையாளுக முன்னால போனத் தூக்கி ஸ்பீக்கர்ல போட்டு, "மோட்டார் இயக்கப்பட்டது, நன்றி"ன்னு எல்லாருக்கும் கேக்க வச்சேன். ஒருத்தி, "எங்க வீட்டுல ஆளுகளே இம்புட்டு மரியாதையா பதில் சொல்ல மாட்டாங்கக்கா"ன்னா. எனக்குத் தல கொஞ்சம் கனத்துப் போச்சி.

வெள்ளிக்கிழம ராத்திரி மலையில நல்ல மழை. குத்தாலத்துல சீசன் களகட்டிட்டு. எங்க தோட்டத்துல சொட்டு இல்ல, காத்து மட்டும் தான். மலையில பெய்யும், எங்களுக்கு விசிறிவிடும். எப்பவும் அப்படித்தான்.

சனிக்கிழம காலையில கடையில உக்காந்துக்கிட்டே போன் அடிச்சேன்.

"மோட்டார் இயக்கப்பட்டது, நன்றி."

கொக்கி தைச்சேன். பட்டி தைச்சேன். பாய்ஞ்சது போதும்னு தோணவும் நிறுத்தலாம்னு திருப்பி அடிச்சேன்.

"மோட்டார் இயக்கப்பட்டது, நன்றி."

எனக்குப் புரியல. நிறுத்தத்தான அடிச்சேன்? அப்ப இதுக்கு முன்னாலயே நின்னுருச்சா? சரி, கரண்டு போயி வந்திருக்கும்னு நெனச்சி இன்னொரு தடவ அடிச்சேன். "மோட்டார் நிறுத்தப்பட்டது, நன்றி"ன்னுச்சி. நிம்மதியா ஊசியில நூலக் கோக்கேன், ஷார்ஜால இருந்து போன்.

"ஏட்டி, மோட்டார ஏன் போட்ட?"

"நான் நிறுத்திட்டேன்லா?"

"நான் இப்பம் அடிச்சேன், நிறுத்தப்பட்டதுங்கு. அப்பம் ஓடிட்டு இருந்திருக்குன்னு தான அர்த்தம்?"

"நீங்க எதுக்கு அடிச்சிய?"

"சும்மா ஒரு ஆசைக்கு."

ஒரு மனுசன் கடல் தாண்டி உக்காந்துக்கிட்டு ஆசைக்கு மோட்டார் போட்டு வெளையாடுதாரு. நான் இங்க போட, அவரு அங்க நிறுத்த, குழப்பமே இதனால தான்னு அவர நல்லா ரெண்டு ஏச்சு ஏசுனேன். அவரும் பாவம், ஏச்ச வாங்கிட்டு, "சரி, இனிமே தொட மாட்டேன்"ன்னாரு.

எதுக்கும் ஒருக்கா பாத்துருவோம்னு, அவர லைன்லயே இருக்கச் சொல்லிட்டு நான் அடிச்சேன். இந்தத் தடவ வேற குரல் வந்துச்சி.

"நீங்கள் தொடர்பு கொள்ளும் நபர் வேறொரு அழைப்பில் உள்ளார்."

அவருகிட்ட அதச் சொன்னேன். பெறவு மெதுவா கேட்டாரு.

"ஏட்டி, நம்ம மோட்டாரு யார்கூட பேசிட்டு இருக்கு?"

அதுக்கு நான் பதில் சொல்லுததுக்குள்ள இன்னொரு போன் வந்துட்டு. சண்முகத்தாய் மதினி. எங்க தோட்டத்துக்குக் கீழ்ப்பக்கம் அவிய வயக்காடு. சொந்தம் ஒண்ணும் இல்ல, வரப்பு ஒண்ணு, அதனால மதினி. இந்தத் தடவ சின்ன வெங்காயம் போட்டிருந்தாவ. நல்ல வெளைச்சல், புடுங்குற பருவம்.

மதினி எப்பவும் சத்தமா பேசுவாவ. அன்னைக்கு ரொம்ப மெதுவா பேசினாவ.

"செல்வி, நான் வெங்காயம் போட்டிருக்கேனா, நெல்லு போட்டிருக்கேனா?"

"வெங்காயம் தான மதினி."

"அப்பம் ஏன் கெண்டக்கால் வரைக்கும் தண்ணி நிக்கு?"

வெங்காயத்துல தண்ணி நின்னா அழுகிரும்னு எனக்கே தெரியும். கடையப் பூட்டிட்டு ஸ்கூட்டிய எடுத்தேன். தென்காசியில எந்தத் தெருவப் பாத்தாலும் சீசன் வண்டி. மதுர வேனு, தூத்துக்குடி காரு, எல்லாத்துலயும் தலையில துண்டக் கட்டிக்கிட்டு ஆளுக. ஒவ்வொரு வேனுக்கும் வழி விட்டு நான் தோட்டத்துக்குப் போய்ச் சேரதுக்குள்ள மோட்டாரு எத்தன தடவ பேசுச்சோ, அது தான் அறியும்.

போயிப் பாத்தா, தொட்டி நெறஞ்சி வழியுது. வாய்க்கா ஒடஞ்சி, பப்பாளிப் பாத்தியெல்லாம் கொளம். பப்பாளிக்கும் வேருல தண்ணி நிக்கக் கூடாது. ரெண்டு மரம் ஏற்கெனவே ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சி நின்னுச்சி. அங்கன இருந்து வரப்ப ஒடச்சிட்டு தண்ணி நேரா மதினி வயலுக்குப் போகுது.

மதினி சேலையத் தூக்கிச் சொருகிட்டு, சேத்துல நின்னு வெங்காயத்த அள்ளி அள்ளி வரப்புல போட்டுட்டு இருந்தாவ. என்னைப் பாத்தாவ. ஒரு வெங்காயத்தத் தூக்கிக் காட்டுனாவ. அதுல இருந்து தண்ணி சொட்டுச்சி.

நான் மோட்டார் ரூமுக்கு ஓடுனேன். செவப்பு பட்டன அமுக்குனேன். மோட்டார் நின்னுச்சி. அப்பாடான்னு திரும்புதேன், பெட்டியில லைட்டு மினுக்குச்சி. மோட்டார் ஓடுச்சி. திருப்பி அமுக்குனேன். நின்னுச்சி. லைட்டு மினுக்குச்சி. ஓடுச்சி.

எங்க கொலசாமியக் கும்பிட்டேன். அதுக்கும் லைட்டு மினுக்கவும் தான், சரி இது சாமி விசயம் இல்ல, சிம்மு விசயம்னு தெளிஞ்சது. பெட்டியத் தொறந்து சிம்ம உருவி என் போன்ல போட்டேன். யாரு தான் பேசுதான்னு பாத்துருவோம்.

போட்டு முடிக்கல, மணி அடிச்சிட்டு.

"ஹலோ, ரூம் இருக்கா?"

"என்ன ரூமு?"

"ஏசி ரூமுங்க. நாலு பேரு. காலையில இருந்து அடிக்கேன், மோட்டார் இயக்கப்பட்டதுன்னு சொல்லிட்டு வச்சிருதீங்க. தண்ணி வசதி இருக்குன்னு புரிஞ்சிருச்சு. ரூம் இருக்கா இல்லயான்னு சொல்லுங்க."

ராங் நம்பர்னு வச்சேன். அடுத்து ஒரு ஆளு. ஐந்தருவிக்குப் பக்கத்துல ரெண்டு ரூம் வேணுமாம். அவருகிட்ட, இந்த நம்பரு எப்படிக் கெடச்சிதுன்னு கேட்டேன். "உங்க லாட்ஜ் போர்டுல போட்டிருக்கே"ன்னாரு.

அப்பத் தான் வெளங்குச்சி. யாரோ ஒருத்தரு ஐந்தருவிப் பக்கம் லாட்ஜ் நடத்தியிருக்காரு. மூடிட்டுப் போகும்போது நம்பரையும் விட்டுட்டாரு. போர்ட மட்டும் கழட்டல. அந்த நம்பரு கைமாறி, ரோட்டோரம் கொட போட்டு சிம்மு விக்கிறவன்கிட்ட வந்து, அங்க இருந்து எங்க மோட்டாருக்கு வந்திருக்கு. அருவியில தண்ணி விழ விழ, ஊருல உள்ளவன்லாம் ரூம் கேட்டு அடிக்க, எங்க மோட்டார் ஓடியிருக்கு. நிக்க. ஓட. நிக்க.

உடனே குமாருக்கு அடிச்சேன். அவன் செங்கோட்டையில ஏதோ வீட்டுல வயரிங் பாத்துட்டு இருந்தான்.

"அக்கா, ஒண்ணும் பயப்படாதிய. நான் இங்கன இருந்தே உங்க நம்பருக்கு மட்டும் மாத்திருதேன். அந்த சிம்முக்கு ஒரு ஓடிபி வரும். அத மட்டும் சொல்லுங்க. சிம்ம ஆஃப் பண்ணிராதிய."

சரின்னேன். அந்த நேரம் பாத்து இசக்கி அண்ணாச்சி கல்யாண வெள்ளச் சட்டையோட, நெத்தியில சந்தனத்தோட வந்து நின்னாரு. கொளத்தப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு. நான் ஒண்ணும் கேக்காததால அவரும் ஒண்ணும் சொல்லல.

எனக்கு மதினி வயலுக்கு ஓடணும். தண்ணிய வடிய வைக்கணும். என் போன் சேத்துல விழுந்தா அதோட கதை முடிஞ்சிது. அதனால சிம்ம அண்ணாச்சியோட பட்டன் போன்ல போட்டு அவரு கையில குடுத்தேன்.

"அண்ணாச்சி, மோட்டார் விசயமா போன் வரும். என்ன கேட்டாலும் பதில் சொல்லிருங்க"ன்னுட்டு மம்பட்டியத் தூக்கிட்டு ஓடுனேன்.

ரூம் கேட்டு வர போனப் பத்தி நான் ஒரு வார்த்த சொல்லல. நல்லா கவனிங்க, சொல்லல. பெறவு நான் யாரையும் குத்தம் சொல்ல முடியாமப் போனது இதனால தான்.

வரப்புல ஒரு மடைய வெட்டிவிட்டேன். முதல்ல வெட்டுனது தப்பான பக்கம். இன்னும் கொஞ்சம் தண்ணி மதினி வயலுக்குப் போச்சி. "போதும் தாயி, நீ வெட்டாத"ன்னு மதினி மம்பட்டியப் புடுங்கி அவியளே ஓடைப் பக்கம் வெட்டுனாவ. தண்ணி வடிய ஆரம்பிச்சிது. நானும் எறங்கி வெங்காயம் புடுங்குனேன். கூலிக்கு ஆளு அன்னைக்குன்னு ஒருத்தரும் கெடைக்கல. பாதிப் பேரு சீசன் கடையில நிக்காங்க. நாங்க ரெண்டு பேரு, அவ்வளவு பெரிய வயலு. மதினி ஏசியிருந்தா கூடப் பரவால்ல. ஏசவே இல்ல. குனிஞ்சவிய நிமிரல. ஒருக்கா மட்டும், "பேரனுக்குக் காது குத்து வச்சிருக்கேன், இத நம்பித்தான்"ன்னாவ. எனக்குக் கண்ணு கலங்கிட்டு. வெங்காயம்னு சொல்லித் தொடச்சிக்கிட்டேன்.

அப்பம் தான் ரோட்டுல ஒரு வேனு வந்து நின்னுச்சி.

கதவு தொறந்துச்சி. முதல்ல எறங்குனவரு நல்ல வாட்டசாட்டமான ஆளு. இடுப்புல துண்டு. மேல சட்ட இல்ல. தலையில இருந்து கால் வரைக்கும் எண்ணெய். வெயில்ல மினுங்குதாரு. அவரு பின்னால இன்னொருத்தரு, அவரும் எண்ணெய். இப்படியே ஒரு வேன் நெறைய ஆம்பளையாளுக வரிசையா எண்ணெயோட எறங்குதாவ. கடைசியா பொம்பளையாளுக பையும் சோப்பு டப்பாவுமா எறங்குதாவ.

மதினி நிமிந்தாவ. "செல்வி, இது யாரு?"

எனக்கும் தெரியலியே.

வாட்டசாட்டமானவரு வரப்பு ஓரம் வந்து கேட்டாரு. "அக்கா, நாங்க விருதுநகர். எம்பேரு பால்ராஜ். ரூம் எங்க இருக்கு?"

நான் அண்ணாச்சியப் பாத்தேன். அவரு மோட்டார் ரூம் வாசல்ல நின்னு, பெருமையா கையக் காட்டுனாரு. "இங்கன, இங்கன வாங்க."

பெறவு கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டது இது. பால்ராஜ் போன் பண்ணி, ரூம் இருக்கான்னு கேட்டிருக்காரு. அண்ணாச்சி, இருக்குன்னிருக்காரு. காலியா இருக்கான்னு கேட்டிருக்காரு. காலியாத் தான் கெடக்குன்னிருக்காரு. தண்ணி வருமான்னு கேட்டிருக்காரு. "அது நிக்க மாட்டேங்குதே, அதான பிரச்சின"ன்னிருக்காரு. கரண்டு இருக்கான்னா, "திரீ பேஸே இருக்கு"ன்னிருக்காரு. "நாங்க போர்டு பக்கத்துல தான் நிக்கோம், வாசல் கேட்டு பூட்டியிருக்கே"ன்னதுக்கு, "அங்கன எதுக்கு நிக்கிய, அச்சன்புதூருக்கு வாங்க"ன்னு வழியும் சொல்லியிருக்காரு.

"என்ன அண்ணாச்சி இப்படிப் பண்ணிட்டிய?"ன்னேன்.

"நீ தான தாயி, மோட்டார் விசயமா கேட்டா பதில் சொல்லச் சொன்ன? மோட்டார் கம்பெனிக்காரன் ஆளோட பாக்க வாறான்னு நெனச்சேன்."

"சட்ட போடாமயா வருவான்?"

"போன்ல சட்ட தெரியுமா?"

நியாயம் தான.

பால்ராஜ் மோட்டார் ரூமுக்குள்ள தலைய விட்டுப் பாத்தாரு. உள்ள ரெண்டு உர மூட, ஒரு மருந்தடிக்கிற டப்பா, ஒரு ஓணான். வெளிய வந்தாரு. கோவப்படுவாருன்னு பாத்தா, அழுகுற மாதிரி ஆயிட்டாரு.

"அக்கா, காலையில ஐந்தருவியில எண்ணெய் தேச்சோம். தேச்சு முடிச்சு குளிக்கப் போகவும் விசில் ஊதிட்டாங்க. வெள்ளம் வருது, யாரும் எறங்கக் கூடாதுன்னுட்டாங்க. மெயின் அருவிக்குப் போனோம், அங்கயும் தடை. லாட்ஜ் லாட்ஜா ஏறி எறங்குனோம், எங்களப் பாத்தாலே மெத்த வீணாப் போகும்னு கதவச் சாத்துறாங்க. எண்ணெய் கண்ணுல எறங்குது. வேன்ல சீட்டுல உக்காந்தா வழுக்கிட்டுப் போகுது. பிரேக் போட்டா எல்லாரும் டிரைவர் மேல விழுறோம்."

வேனுக்குள்ள இருந்து டிரைவரு, ஆமாங்கற மாதிரி தலைய ஆட்டுனாரு.

பால்ராஜோட பொண்டாட்டி தொட்டியப் பாத்துட்டா. பம்புசெட்டுக் குழாயப் பாத்துட்டா. "ஏங்க, ரூம் கெடக்கட்டும். இதுல குளிச்சிட்டுப் போயிரலாம்ல? அக்கா, மோட்டார மட்டும் போடுங்கக்கா"ன்னா.

"மோட்டாரா?"ன்னு ஒரு சத்தம். மதினி. சேத்துக் காலோட வரப்புல ஏறி நின்னாவ. காலையில இருந்து மெதுவா பேசுனதுக்கெல்லாம் சேத்து இப்பம் பேசினாவ. "இன்னொரு சொட்டுத் தண்ணி வந்துச்சி, நான் மனுசியா இருக்க மாட்டேன். என் வெங்காயம் பூரா மெதக்கு. குளிக்கணுமாம்லா. ஒரு பயலும் அந்தப் பட்டன் பக்கம் போகக் கூடாது."

எல்லாரும் அப்படியே நின்னுட்டாங்க. எண்ணெய் மட்டும் வழிஞ்சிட்டு இருந்துச்சி.

பால்ராஜ் வயலப் பாத்தாரு. மதினியப் பாத்தாரு. "இதப் புடுங்கி மேட்டுல போடணும், அவ்வளவு தானம்மா? நாங்க போட்டுர்றோம். முடிச்சிட்டு மோட்டாரப் போடலாமா?"

மதினி யோசிச்சாவ. "மேல இருக்க தாள் அறாமப் புடுங்கணும்"னாவ. அதுக்கு அர்த்தம், சரி.

விருதுநகர் வேனு மொத்தமும் வயல்ல எறங்குச்சி. முதல் வெங்காயத்தப் பிடிச்சி இழுத்த ஆளு, கையி எண்ணெயில வழுக்கி மல்லாக்க விழுந்தாரு. வெங்காயம் எடத்த விட்டு அசையல. இன்னொருத்தரு அவரத் தூக்கப் போயி, அவரு கையும் வழுக்கி, ரெண்டு பேரும் சேத்துல. மதினி அது வரைக்கும் சிரிக்கல. மூணாவது ஆளு விழவும் முந்தானைய வாயில வச்சிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டாவ. தோள் மட்டும் குலுங்குச்சி.

பெறவு மதினியே வழி சொன்னாவ. சேத்த அள்ளிக் கையில தேச்சிக்கிட்டா வழுக்காதுன்னு. தேச்சாங்க. பிடி கெடச்சிட்டு. பொம்பளையாளுக வாங்கி வாங்கி வரப்புல பரத்த, ஆம்பளையாளுக புடுங்க, வேலை வெரசலா ஓடுச்சி. இசக்கி அண்ணாச்சி கல்யாணச் சட்டையக் கழட்டி உர மூட மேல மடிச்சி வச்சிட்டு அவரும் எறங்குனாரு. நானும் புடுங்குனேன். மதினி வந்து என் கையில இருந்தத வாங்கிப் பாத்துட்டு, "நீ பரத்து, புடுங்க வேண்டாம்"னாவ. தாள் எல்லாத்தையும் அத்துட்டேனாம்.

முழுசையும் காப்பாத்த முடியல. பள்ளத்துல இருந்தது கொஞ்சம் போச்சி. மத்தது எல்லாம் மேட்டுல காத்தாடக் கெடந்துச்சி. குத்தாலக் காத்து அன்னைக்கு ஒரு பிரயோசனமான வேல பாத்துச்சி. மதினி வரப்புல உக்காந்து ஒரு பாட்டம் பாத்துட்டு, "சரி, போடு மோட்டார"ன்னாவ.

வாய்க்காலத் தென்னந்தோப்புப் பக்கம் நல்லா திருப்பி வச்சிட்டு, இந்தத் தடவ என் கையால பச்ச பட்டன அமுக்குனேன்.

குழாயில இருந்து தண்ணி விழுந்துச்சி பாருங்க. சேறும் எண்ணெயுமா இருந்த அம்புட்டு ஆம்பளையாளுகளும் சின்னப் புள்ளைக மாதிரி கீழ போயி நின்னாங்க. பால்ராஜ் கண்ண மூடிட்டு நின்னவரு நவுரவே இல்ல. "இதுக்கு மேல அருவி என்னக்கா, இங்க விசில் ஊத ஆளில்ல"ங்காரு. பொம்பளையாளுக, "நாங்க எப்பக் குளிக்க"ன்னு சோப்பு டப்பாவக் கையில வச்சிட்டு சண்ட போடுதாங்க.

சரியா அப்பம் தான் ஷார்ஜால இருந்து வீடியோ கால்.

எடுக்காம இருந்திருக்கலாம். என்னையறியாமக் கை போயிட்டு.

"ஏட்டி, என் பப்பாளி எப்படி இருக்கு?"

நான் போனப் பப்பாளிப் பக்கம் திருப்புனேன். நல்லெண்ணத்துல தான் திருப்புனேன். திருப்புற வழியில தொட்டி இருக்கு. தொட்டியில விருதுநகர் இருக்கு.

"யாருட்டி அவனுவ?"

"உங்க மோட்டாரு காலையில இருந்து யார்கூடயோ பேசிட்டு இருந்துச்சில்லா? அவிய தான்."

ரொம்ப நேரம் பாத்தாரு. பால்ராஜ் தலைய நனச்சிக்கிட்டே கேமராவப் பாத்துக் கும்பிட்டாரு. "வணக்கம்ணே. நல்ல தண்ணிண்ணே."

எங்க வீட்டுக்காரரு என்ன சொல்லப் போறாரோன்னு பாத்தேன். அவரு வாயத் தொறந்தாரு.

"சோப்புத் தண்ணி எலுமிச்சைக்குப் போகாமப் பாத்துக்கோ"ன்னுட்டு வச்சிட்டாரு.

சாயங்காலம் வேனு கெளம்பும்போது, வீட்டுக்கு வெங்காயம் வேணும்னு எல்லாரும் மதினிகிட்ட வாங்கிட்டுப் போனாங்க. பால்ராஜ் பொண்டாட்டிக்கு மதினி ஒரு கை கூடவே அள்ளிப் போட்டாவ. எனக்கும் ஒரு பை குடுத்தாவ. நான் தாள் அத்த வெங்காயம் பூரா அந்தப் பையில இருந்துச்சி.

அப்பத் தான் எனக்கு குமாரு ஞாபகம் வந்துச்சி.

"அண்ணாச்சி, ஓடிபி வந்துச்சா?"

"ஒரு மெசேசு வந்துச்சி. இங்கிலீசுல இருந்துச்சி. லோன் தாறேன்னு தான் எவனாவது அனுப்பியிருப்பான்னு அழிச்சிட்டேன்."

கேட்ட கேள்விக்கு பதில் வந்துட்டு. நான் அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல.

ஞாயித்துக்கிழம குமாரு வந்து புது சிம்மு போட்டு, எங்க மூணு நம்பருக்கு மட்டும்னு பூட்டிட்டுப் போயிட்டான். பப்பாளியில சாஞ்ச ரெண்டும் போச்சி. மத்தது தேறிட்டு. மதினி வரப்ப நான் ஆள் விட்டு நல்லா ஒசத்திக் கட்டிக் குடுத்துட்டேன். அவிய இப்பம் பழையபடி சத்தமா பேசுதாவ. அது கேக்கத் தான் எனக்கு நிம்மதியா இருக்கு.

நேத்து தான் யாரோ சொல்லி மேப்புல பாத்தேன். எங்க தோட்டத்து மேல ஒரு புள்ளி வச்சி, "மோட்டார் ரூம், அச்சன்புதூர்"னு பேரும் போட்டு வச்சிருக்காங்க. கீழ பால்ராஜ் எழுதியிருக்காரு: "தண்ணி அருமை. கூட்டம் இல்லை. ரூம் கொஞ்சம் சின்னது, உள்ளே ஓணான் உண்டு. குளிக்கும் முன் வெங்காயம் பிடுங்க வேண்டும்." நாலு ஸ்டாரு குடுத்திருக்காரு.

அத அப்படியே ஷார்ஜாவுக்கு அனுப்புனேன். எங்க வீட்டுக்காரரு படிச்சிட்டு ஒரே ஒரு கேள்வி தான் கேட்டாரு.

"அந்த ஒரு ஸ்டாரு ஏன் கொறஞ்சிச்சி?"